வழக்கத்துக்கும் ஒரு தேதி உண்டு

அய்யாவழி மக்களின் வழிபாட்டிடமான சாமித்தோப்புப் பதிக்குள் நுழையும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்டிக்கொள்கிறார்கள். கும்பிடும் இடத்தில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. எதிரே நிற்பவர் தம் முகத்தையே அதில் பார்க்கிறார். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது வேறுபட்டதொரு வழிபாட்டு முறை. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரை அறிந்தவருக்கு அந்தத் தலைப்பாகையின் கனம் தெரியும். நாடார் முதலிய சாதியினர் அன்று தலைப்பாகை கட்டக்கூடாது. 1809இல் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் வைத்த முடிசூடும் பெருமாள் என்ற பெயரையே மேல்சாதியார் பொறுக்கவில்லை என்றும், அதனால் அவர் முத்துக்குட்டி ஆனார் என்றும் அய்யாவழி மக்கள் சொல்கிறார்கள். அவர்தான் அந்த வழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர். தம்மைத் தேடி வந்தவர்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். மரபு நம் கையில் துணியைக் கொடுக்கிறது. அது யார் தலைக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதை வரலாறுதான் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் விடுதலையின் அடையாளமும் வெறும் சடங்காகிவிடும்.

ஒருவரைக் கட்டிப்போட 'பண்டு தொட்டு வரும் வழக்கம்' என்ற சொல்லைவிட வலுவான கயிறு கிடையாது. திருவிதாங்கூரில் பெண்கள் மேலுடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பாருங்கள். கிறிஸ்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டையை அணியலாம் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மன்றோ காலத்தில் அனுமதி கிடைத்தது. ஆனால் மேலுடை அணிந்தவர்கள் 1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் தாக்கப்பட்டார்கள். 1829இல் அரசே தோள்சீலைக்குத் தடை போட்டது. மீண்டும் கலவரங்கள் வெடித்து, சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகே, 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாளின் அறிக்கை வந்தது. அந்த அறிக்கையைக் கூர்ந்து படிக்க வேண்டும். நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம். மீனவரான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் மட்டும் உடுத்தக்கூடாது. மார்பை மறைப்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். எல்லாரும் ஒன்றுபோலத் தெரிவதைத்தான் பொறுக்கவில்லை. காலங்காலமாக வந்ததாகச் சொன்ன வழக்கத்தைக் காக்க அரசாணையும் அடிதடியும் தேவைப்பட்டன என்றால், அது சிலருக்கு வசதியான ஏற்பாடு, அவ்வளவுதான். இந்தத் தேதிகளை அறிந்த பெண்ணிடம் "நம்ம குடும்பத்துல அப்படி வழக்கம் இல்லம்மா" என்று இன்று யாராவது சொன்னால், எப்போதிலிருந்து, யாருக்காக என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும், சாதிப் பகைதானே வளரும் என்று கேட்கிறார்கள். நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் இருந்த இந்தப் போராட்டத்தைத் தேர்வுக்குக் கேட்கக் கூடாதென்று 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ சொன்னது. 2019இல் அந்த அத்தியாயமே என்சிஇஆர்டி புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் பாடத்தை எடுத்துவிட்டதால் பகை போய்விடாது. சான்று இருந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு சாதியைக் குற்றவாளியாக்குவதும் இன்னொன்றின் கதையை வீரக்கதையாக்குவதும் வாட்ஸ்அப்புக்கு எளிது. 1859 அறிக்கையை வரி வரியாகப் படித்தவரை அப்படி ஏமாற்ற முடியாது.

மரபை நேசிப்பவர் அதைக் குறை சொல்லலாமா என்பது இன்னொரு கேள்வி. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையே இதற்கு விடை. கல்வெட்டுகளைத் தேடித் தேடிப் படித்தவர் அவர். தந்தை சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, போன தம் சமூக வழக்கத்தை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதிச் சாடியதும் அவரேதான். இரண்டும் ஒரே பற்றிலிருந்து பிறந்தவை. பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைக் கண்டு வியக்கிறோம், வியக்க வேண்டியதுதான். அந்தத் திருவிதாங்கூர் அரசின் குடிகளில் ஒரு பகுதியினர் அடிமைகளாக விற்கப்பட்டதையும், 1855இல்தான் அது சட்டப்படி ஒழிந்ததையும் சேர்த்தே அறிய வேண்டும்.

அப்படி அறியச் சான்றுகள் வேண்டும். அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் பழைய ஓலை ஆவணங்கள் பத்திரமாக இருந்தன. கவிமணி அவற்றைத் தேடிப் போனார், பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். நாஞ்சில் நாட்டின் பழைய வாழ்க்கை இன்று நமக்குத் தெரிவதில் அந்த ஓலைகளுக்குப் பெரும் பங்குண்டு. உங்கள் வீட்டுப் பரணிலும் ஓலைக்கட்டோ பழைய பத்திரமோ கிடக்கலாம். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவதற்கு முன் அதை எரித்துவிடாதீர்கள், ஆற்றில் விட்டுவிடாதீர்கள்.