வல்வில்லின் வலிமை: மரபுவில்லைத் திருத்தும் முறை குறித்து ஒரு விளக்கம்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிற்கும் கம்போங் ராஜாவிற்கும் இடையே அமைந்துள்ளது திரிங்காப். அம்மலைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்துள்ளனர். அங்குள்ள பூர்வகுடியினரான செமாய் மக்களின் வேட்டைக் கருவி மூங்கில் ஊதுகுழலாகும், வில்லன்று. எனவே, தோட்டத்துப் பிள்ளைகள் வில்லைப் பெரும்பாலும் இலக்கியத்தின்வழியே அறிகின்றனர். புறநானூற்றின் 152ஆம் பாடலில், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவியதாக வன்பரணர் பாடுகின்றார். 'வல்வில்' என்பதற்கு 'வளைத்தற்கு அரிய வில்' எனப் பொருள் கூறி நாம் அமைந்துவிடுகிறோம். இவ்விளக்கம் போதுமானதா?

நாணை இழுக்கும்போது வில்லின் இரு கைகளும் வளைந்து ஆற்றலைச் சேமிக்கின்றன. நாணை விடுத்ததும் அவ்வாற்றல் முழுவதும் அம்பைச் சென்றடைவதில்லை. ஒரு பகுதி வில்லின் கைகளையும் நாணையும் இயக்குவதிலேயே செலவாகிறது. நுனிகள் கனமாயின் இவ்விழப்பு மிகும். ஆகவே, வில்லைத் தடிப்பாக்கி இழுவிசையைக் கூட்டுவது மட்டும் திருத்தமாகாது. நுனிகளை ஒடுக்கிக் கனத்தைக் குறைத்தலே முதற்பணியாகும். அம்பின் கனமும் கருதத்தக்கது. கனத்த அம்பு விரைவிற் குறைந்தாலும் ஆற்றலின் பெரும்பங்கை ஏற்றுச் செல்லும்.

அடுத்தது குறுக்குவெட்டு வடிவம். ஆங்கிலேயரின் மரபான நெடுவில்லில் எய்பவரை நோக்கிய உட்புறம் உருண்டிருக்கும். வளையும்போது அங்குள்ள குறுகிய பகுதியே பெரும் அழுத்தத்தைத் தாங்குவதால் மரநார்கள் நசுங்கி, நாணைக் கழற்றிய பின்னும் வளைவு தங்கிவிடுகிறது. 1930களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் தம் ஆய்வுகளின்வழி, அகன்று தட்டையான கைகள் இவ்வழுத்தத்தைச் சீராகப் பகிரும் என்பதை நிறுவினார்.

மூங்கில் வில்லுக்கும் இக்கருத்துப் பொருந்தும். மூங்கிலின் நார்கள் வெளித்தோலை ஒட்டியே செறிந்துள்ளன. வளையும்போது இழுவிசையைத் தாங்குவது வில்லின் வெளிப்புறம் என்பதால், தோற்பகுதியை அங்கு அமைத்து, அதனைச் சீவாமல் உட்புறத்தை மட்டுமே சிறிது சிறிதாகச் சுரண்டுதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் வில்லை மெல்ல வளைத்து, இரு கைகளும் ஒத்து வளைகின்றனவா எனச் சோதித்தல் இன்றியமையாதது. ஓரிடம் மிக மெலிந்தால் வளைவு அங்கேயே குவிந்து வில் முறியும்.

இன்றைய செயற்கையிழை நாண் மெல்லியது, நீளாதது. அது அம்பின் விரைவைக் கூட்டினும், பழைய வில்லின் நுனிகளை அதிர்ச்சியால் பிளக்கக்கூடும். நுனிகளுக்குக் கொம்போ கடுமரமோ ஒட்டி வலுவூட்டிய பின்னரே அதனைப் பூட்டுதல் நன்று. அம்பின்றி நாணை விடுத்தல் ஒருபோதும் கூடாது.

எனவே, வில்லின் வன்மை விறைப்பில் மட்டுமன்று, எதை எங்கே குறைப்பது என்னும் அறிவிலும் உள்ளது எனலாம். ஓரியின் பாடல் எய்தவன் திறத்தைப் போற்றுகிறது. 'வல்வில்' என்னும் அடைமொழியிலோ அதனைச் செதுக்கிய கைவினைஞனின் அறிவும் அடங்கியுள்ளது. கணுவிடை நீண்ட மலைமூங்கிலைத் தேர்ந்து ஊதுகுழல் செய்யும் செமாய் மக்களிடமும் அத்தகைய அறிவையே காண்கிறோம். சங்கப் பாடலின் ஒரு சொல்லைத் தெளிந்துகொள்ளத் திரிங்காப் மாணவர்க்கு அவர்தம் மலையே துணைநிற்கும்.