கடலிற் பற்றிய தீயும் காக்கும் கப்பலும்

கதிரவெளிக் கரையில் நின்று கிழக்கே நோக்கினால், மீன்பிடித் தோணிகளுக்கு அப்பால் வெறுங்கடலே தோன்றும். ஆயினும் அந்தத் தொடுவானுக்கு அப்பால் ஒரு பெருவழி உண்டு. பாரசீக வளைகுடாவிலிருந்து இந்தியாவின் கிழக்குத் துறைமுகங்களுக்கு மசகெண்ணெய் ஏற்றிச் செல்லும் பெருங்கப்பல்கள், இலங்கையின் தென்முனையைச் சுற்றி, நமது கிழக்குக் கடலின் வழியாகவே வடக்கு நோக்கிச் செல்கின்றன.

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 3ஆம் திகதி அத்தகைய கப்பலொன்று தீப்பற்றியது. ‘நியூ டயமண்ட்’ என்பது அதன் பெயர். குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெயை அது கொண்டு சென்றது. திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையிலுள்ள சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே, சுமார் 38 கடல் மைல் தொலைவில், அதன் இயந்திர அறையில் தீ மூண்டது. கப்பலில் இருந்த 23 பேரில் பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் உயிரிழந்தார்; ஏனையோர் மீட்கப்பட்டனர். இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் விரைந்தன. இந்தியக் கரையோரக் காவற்படையின் கப்பல்களும் வந்தன. அவற்றுள் ஒன்று ‘சமுத்திர பகரேதார்’. கடல் மாசினைக் கட்டுப்படுத்துவதற்கென்றே அமைக்கப்பட்டது. ஒருமுறை அடங்கிய தீ மீண்டும் மூண்டு, 9ஆம் திகதியளவிலேயே முற்றாகத் தணிந்தது. கப்பலின் எரிபொருளில் ஒரு பகுதி கசிந்து கடலிற் படலமாக மிதந்தது. சரக்கான மசகெண்ணெயோ தாங்கிகளை விட்டு வெளியேறவில்லை.

இவ்வகைக் கப்பல் செய்யும் வேலை யாது? அதன் இரு பக்கங்களிலும் நீண்ட கைகள் உண்டு. கப்பல் மெல்ல நகரும்போது அக்கைகள் நீரின்மேல் விரிந்து, எண்ணெய்ப் படலத்தை ஒருபுறம் ஒதுக்கும். ஒதுங்கிய எண்ணெயை, பாலின் மேலாடையை எடுப்பதுபோல், வழித்தெடுக்கும் பொறிகள் உறிஞ்சித் தாங்கிகளுக்கு அனுப்பும். எண்ணெய் பரவாது வளைத்துக் கட்டும் மிதவைத் தடைகளும் அதிலே சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இவற்றோடு, தொலைவிலிருந்து நீரையும் நுரையையும் பீய்ச்சும் குழாய்கள், பழுதுற்ற கப்பலை இழுக்கும் வடங்கள், ஹெலிகொப்டர் இறங்கும் தளம் ஆகியனவும் உண்டு.

துப்புரவு செய்யும் கப்பலுக்குத் தீயணைப்பும் இழுவையும் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். சிறிது கணக்குப் பார்த்தால் விடை கிடைக்கும். ‘சமுத்திர பகரேதார்’ வகைக் கப்பல் மணிக்கு 300 தொன் வரை எண்ணெயை வழித்தெடுக்க வல்லது. அதன் தாங்கிகளின் கொள்ளளவு ஏறத்தாழ 500 தொன். இரண்டு மணி நேரத்துக்குள் தாங்கிகள் நிறைந்துவிடும். ‘நியூ டயமண்ட்’ சுமந்ததோ அதன் ஐந்நூறு மடங்குக்கும் மேல்! அவ்வளவும் கடலிற் கலந்திருக்குமாயின், ஒரு கப்பலன்று, ஒரு பெரும் அணியே வந்தாலும் போதியிராது. ஆகவே எண்ணெயை அள்ளுவது இரண்டாவது வேலை. அது கொட்டாதபடி நெருப்பை அணைத்து, கப்பலைக் கரையை விட்டு இழுத்துச் செல்வதே முதல் வேலை. இவ்விரண்டும் ஒரே கப்பலில் அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

அன்று காற்றும் நமக்குத் துணையாயிற்று என்றே கூறவேண்டும். செப்டெம்பர் கச்சான் காலம். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். இதே விபத்து மார்கழியிலோ தையிலோ நேர்ந்திருந்தால், வாடைக் காற்று படலத்தைக் கரைக்கே தள்ளியிருக்கும். அக்காலத்தில்தான் மழைவெள்ளம் மணற்றிட்டை உடைத்து, வாவிகளின் முகத்துவாரங்கள் கடலோடு கலந்திருக்கும். பனிச்சங்கேணி, வாகரைப் பகுதிக் களப்புகளுக்குள்ளும் மட்டக்களப்பு வாவிக்குள்ளும் எண்ணெய் புகுந்துவிட்டால், கண்டல் வேர்களிலும் சேற்றிலும் ஒட்டிய அதனைக் கழுவுதல் அரிது. இறாலும் நண்டும் வளரும் இடம் அதுவே. அந்த ஆழமற்ற நீரில் அத்தகைய கப்பல் நுழையவும் இயலாது.

ஆழமற்ற நீரில் நேர்வது என்ன என்பதைச் சென்னைக்கு வடக்கே எண்ணூர் காட்டியது. 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் திகதி அங்கே இரு கப்பல்கள் மோதின. கரையை அடைந்த கெட்டி எண்ணெயை மீனவரும் தொண்டர்களும் வாளிகளால் அள்ளினர். மேற்குக் கரையில் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் தீப்பற்றிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலிலிருந்து கொட்டிய பிளாத்திக்கு மணிகளையும் மக்கள் கையாலேயே பொறுக்க நேர்ந்தது. அந்த அனர்த்தத்துக்கு நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு நமது உயர் நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கட்டளையிட்டது. தொகை பெரிதுதான், ஆனால் கடலிற் கலந்த மணிகளை அது திரும்பப் பொறுக்கித் தராது.

எனவே கப்பலின் ஆற்றலைப் போலவே அது நிற்கும் இடமும் முக்கியமானது. விசாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் கப்பலொன்று சங்கமன்கண்டிக் கடலை அடைய ஏறத்தாழ 640 கடல் மைல் ஓடவேண்டும். மணிக்கு 20 கடல் மைல் வீதம் ஓடினும் 32 மணி நேரம் செல்லும். அண்டை நாட்டின் உதவியை நன்றியோடு ஏற்கிறோம். எனினும் அந்த 32 மணி நேரத்தில் நாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு. முகத்துவாரங்களை மறித்து விரிக்கத்தக்க மிதவைத் தடைகள், திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் எந்நேரமும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவற்றை விரிக்கும் பயிற்சியை வாகரை, வாழைச்சேனை மீனவர்களுக்கு அளிப்பதே தக்கதென்பது என் கருத்து. எந்த முகத்துவாரம் எந்த மாதத்தில் உடைக்கும், அங்கே நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை அவர்களே அறிவார்கள்.