ஊசி போட்டா உடம்பு போடுமா?

கருத்தடை ஊசி என்றதும் பெண்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். "அதெல்லாம் இல்லம்மா, சாப்பாட்டைக் குறைங்க" என்பது பல இடங்களில் கிடைக்கும் பதில். அந்தப் பதில் பாதிதான் சரி.

நம் அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் இலவசமாகப் போடப்படுவது டெப்போ மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன். மூன்று மாதத்துக்கு ஒன்று, 150 மில்லிகிராம். இதே ஊசியைத்தான் தென்னாப்பிரிக்கா, கென்யா, ஜாம்பியா, எஸ்வாட்டினி நாடுகளில் நடந்த 'எக்கோ' ஆய்விலும் போட்டார்கள். எச்ஐவி தொற்று அபாயத்தை அறியத்தான் அந்த ஆய்வு. கூடவே எடையையும் பார்த்தார்கள். 7,829 பெண்களில் யாருக்கு ஊசி, யாருக்கு கையில் வைக்கும் இம்ப்ளான்ட், யாருக்கு காப்பர்-டி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ததால் ஒப்பீடு நியாயமானது. ஒன்று, ஒன்றரை வருடத்தில் ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக 3.5 கிலோ ஏறியிருந்தது. இம்ப்ளான்ட்டுக்கு 2.4. ஹார்மோனே இல்லாத காப்பர்-டிக்கும் 1.5 கிலோ!

ஆக, ஏறிய எடை முழுவதும் ஊசியின் வேலை இல்லை. ஆனால் சுமார் 2 கிலோவை அதன் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அது நீர் கோத்துக்கொண்ட வீக்கமும் இல்லை. கூடுவதில் பெரும்பகுதி கொழுப்பு என்று அமெரிக்காவில் செய்த அளவீடுகள் காட்டின. மருந்து பசியைத் தூண்டுகிறது என்பது ஒரு விளக்கம். அப்படியானால் "சாப்பாட்டைக் குறை" என்று அந்தப் பெண்ணையே குற்றம் சொல்வது என்ன நியாயம்?

சராசரியிலும் ஒரு சங்கடம் உண்டு. சிலருக்கு ஒரு கிலோகூட ஏறாது. சிலருக்கு மளமளவென்று ஏறும். முதல் 6 மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்களுக்கே பின்னாலும் கூடிக்கொண்டு போனது என்கின்றன ஆய்வுகள். 60 கிலோ பெண்ணுக்கு அது 3 கிலோ. எனவே முதல் ஊசியன்றே எடை பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது ஊசிக்குப் போகும்போது மறுபடி பாருங்கள். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. நிறுத்திய பிறகு கரு உண்டாகவே பலருக்கு 7 முதல் 10 மாதம் வரை ஆகும்.

எடை எகிறினால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டியதில்லை. காப்பர்-டி இருக்கிறது, ஸ்டீராய்டு கலக்காத 'சாயா' மாத்திரை இருக்கிறது. இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம்தான்.