எஃகை ஏந்தும் செங்கல்

எஃகு உலையில் ஏறக்குறைய 1,600 பாகை சென்டிகிரேடு சூட்டில் உலோகம் நீர்போல் தளதளக்கிறது. அதைச் சுற்றியுள்ள கூடும் எஃகுத் தகடுதான். அது ஏன் உருகிவிடுவதில்லை? உட்புறம் அடுக்கியுள்ள தீச்செங்கற்களே காரணம். ரசாயனம் பயில்பவன் என்ற முறையில் அவற்றைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன்.

வீடு கட்டும் செங்கல் இந்தச் சூட்டுக்கு நில்லாது. சூட்டைத் தாங்கினால் மட்டும் போதுமென்றால் சிலிக்காவே போதும். அது 1,700 பாகைக்கு மேல்தான் உருகும். 1856-இல் ஹென்றி பெஸ்ஸமர் வெளியிட்ட முறையில் சிலிக்காச் சுவரே பயன்பட்டது. ஆனால் இரும்பிலிருந்த பாஸ்பரஸ் அதில் நீங்கவில்லை. பாஸ்பரஸ் மிகுந்த எஃகு குளிரில் படாரென்று முறியும். அத்தகைய தண்டவாளத்தை நம்பி யார் ரயிலேறுவது?

பாஸ்பரஸை அகற்றச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்போ காரம், சிலிக்காவோ அமில இயல்புடையது. அவ்வளவு சூட்டில் இரண்டும் கூடினால் சுவர் கரைந்து கசடாகிவிடும். நோய்க்கு இட்ட மருந்து கலயத்தையே தின்ற கதைதான்! 1870-களின் இறுதியில் இதற்கு வழி கண்டவர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். லண்டன் நீதிமன்றமொன்றில் எழுத்தராயிருந்த இவர், ரசாயன அறிஞரான தம் உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட்டின் துணையோடு, டாலமைட்டால் காரச் சுவர் அமைத்தார். சுண்ணாம்பு தன் இனத்தைத் தின்னவில்லை; பாஸ்பரஸ் கசடோடு வெளியேறியது.

டாலமைட்டைப் போலவே காரமானது மக்னீசியா. உருகுநிலை சுமார் 2,800 பாகை. அதைத் தரும் மூலக்கல் நமக்குப் புதிதன்று. சேலத்தை அடுத்துச் சேர்வராயன் மலையடிவாரத்தில் கிடைக்கும் வெள்ளைக்கல்லே அது. அக்கல்லைச் சுட்டால் எடையில் பாதிக்குமேல் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். அரைகுறையாகச் சுட்டால் எஞ்சும் மக்னீசியா ஈரத்தை உறிஞ்சி உப்பி உதிரும். ஆகவே 1,500 பாகைக்கும் மேல் நெடுநேரம் சுட்டு, மணிமணியாக இறுக்கி, பிறகே செங்கல்லாக அழுத்துகின்றனர். இக்காலத்தில் அதனோடு கரியையும் சேர்க்கின்றனர். கரியில் கசடு எளிதில் ஒட்டாது.

நண்பர்களே, சுவர் தேய்ந்து மெலிந்தால் உருகிய எஃகு கூட்டைத் துளைத்துக்கொண்டு பாயும். அருகில் நிற்பவன் தொழிலாளி. ஆகவே ஒரு கல் எவ்வளவு சூடு தாங்கும் என்று கேட்டால் மட்டும் போதாது. எதனோடு கூடி வாழப்போகிறது என்றும் கேட்டாக வேண்டும்.