மந்தனும் மனச்சோர்வும்

சனிப்பெயர்ச்சி நாளில் காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில் திரளும் கூட்டத்தைப் புதுச்சேரி மாநிலத்தவர் நன்கு அறிவர். ஆங்கிலத்தில் 'சாட்டர்னைன்' என்றொரு சொல் உண்டு. சிரிப்பின்றி, இறுகிய முகத்துடன், சோர்ந்திருப்பவரை அது குறிக்கும். அதன் நேர்ப்பொருள் என்ன தெரியுமா? 'சனியின் ஆட்சிக்கு உட்பட்டவர்' என்பதே!

சாட்டர்ன் என்பது ரோமானியரின் விதைப்புத் தெய்வம். அப்பெயரையே சனிக்கோளுக்கும் இட்டனர். உடலில் கரும்பித்தம் மிகுந்தால் துயரம் பிறக்கும் என்று பண்டைய கிரேக்க மருத்துவர்கள் நம்பினர். 'மெலங்கலி' என்ற சொல்லின் பொருளும் கரும்பித்தம்தான். அந்தக் கரும்பித்தத்திற்கு அதிபதி சனி என்று பிற்காலச் சோதிடர் முடிச்சிட்டனர்.

துயரத்தை ஏன் சனியின் தலையில் கட்டினார்கள்? அதன் நடையே முக்கியக் காரணம் எனலாம். வெறுங்கண்ணால் எளிதில் காணக்கூடிய கோள்களில் மிக மெல்ல நகர்வது சனி. வடமொழியில் 'சனைச்சரன்' என்றால் மெல்ல நடப்பவன். தமிழிலும் அதற்கு 'மந்தன்' என்ற பெயருண்டு. வானத்தில் கண்ட மந்தத்தை மனிதன் தன் மனத்திலும் ஏற்றிக்கொண்டான்.

இந்த மந்தத்தின் காரணம் இயற்பியலில் இருக்கிறது. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவைப் போல் சுமார் ஒன்பதரை மடங்கு தொலைவில் சனி உள்ளது. ஆகவே அது சுற்ற வேண்டிய பாதையும் ஒன்பதரை மடங்கு நீளமானது. அங்கே சூரியனின் ஈர்ப்பு குறைவு. எனவே வேகமும் குறைவு. பூமி விநாடிக்கு சுமார் 30 கி.மீ. செல்ல, சனி 10 கி.மீ.க்கும் சற்றுக் குறைவாகவே செல்கிறது. பாதை ஒன்பதரை மடங்கு, வேகமோ மூன்றில் ஒரு பங்கு. எனவே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகின்றன.

இதைப் பன்னிரண்டு ராசிகளுக்கும் பங்கிட்டால் ஒரு ராசிக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. மூன்று ராசிகளுக்கு ஏழரை ஆண்டு. 'ஏழரைச் சனி' என்ற கணக்கு இதுதான்! கணக்கு சரி, ஆனால் அதில் துயரத்திற்கு இடம் எங்கே? 1781-இல் ஹெர்ஷல் கண்டறிந்த யுரேனஸ் ஒரு சுற்றுக்கு 84 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. மந்தமே துயரமானால் அது சனியையும் மிஞ்ச வேண்டுமே!

ஐரோப்பிய ரசவாதிகள் சனிக்குரிய உலோகம் காரீயம் என்றனர். நம் சோதிடர்களோ இரும்பு என்றனர். ஒரே கோளுக்கு இரண்டு உலோகங்கள்! ஆனால் காரீய நச்சைப் பிரெஞ்சு மருத்துவர்கள் இன்றும் 'சாட்டர்னிசம்' என்றே அழைக்கின்றனர். இந்தத் தீங்கு மட்டும் கற்பனையன்று. காரீயம் உடலில் சேர்ந்தால் இரத்தசோகையும் சோர்வும் எரிச்சலும் உண்டாகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அதனால்தான் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது.

வழிபாடு அவரவர் நம்பிக்கை. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக மனச்சோர்வு நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டால், அது கோளின் வேலையன்று. மருத்துவத்தால் குணப்படுத்தக்கூடிய நோயாக இருக்கலாம். மருத்துவரைக் காண ஏழரை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.