மின்கம்பிக் குழாய்களுக்குச் செலவு மதிப்பிடல்

1950-களில் தூதரகங்களுக்கென உருவாக்கப்பட்ட தில்லிச் சாணக்யபுரி போன்ற பகுதிகளின் பழைய கட்டடங்களில் மின்கம்பிகளை மாற்ற முற்படுவோர்க்கு முதற்கேள்வி, சுவருக்குள் புதைந்த குழாய் இடங்கொடுக்குமா என்பதே. இடமில்லையெனில் சுவரை வெட்டிப் பூசவேண்டும்; அச்செலவு குழாயின் விலையை எளிதில் மிஞ்சிவிடும்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில், விளக்குக்கும் விசிறிக்கும் உரிய குழாயின் விலை ‘முனை’ ஒன்றுக்கான வீதத்திலேயே அடங்கும். சுற்றுக்கம்பிகளோ மீட்டர்க் கணக்கில் அளக்கப்படும். பிழை நேர்வது பெரிதும் இங்கேதான். வரைபடத்தில் கிடையாக 6 மீட்டர் அளப்பவர், 3 மீட்டர் உயரமுள்ள மேல்தளத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்திலுள்ள சுவிட்சுப் பலகைக்கு இறங்கும் 1.8 மீட்டரை மறந்துவிடுகிறார். அளந்ததில் நூற்றுக்கு 30 பங்கு அது! விநியோகப் பலகைக்கான இறக்கம் வேறு.

20 மில்லிமீட்டருக்குக் குறைந்த குழாயைத் துறை ஏற்பதில்லை. தளத்தினுள் செல்லும் குழாய்களைக் கான்கிரீட் இடுமுன்பே பதித்து, சாந்து புகாவண்ணம் வாய்களை அடைத்திடல் வேண்டும்.