நில அதிர்வு ஆழப் படிமமாக்கம்

நில அதிர்வு ஆழப் படிமமாக்கம் என்பது செயற்கை அதிர்வலைகளின் எதிரொலிகளைக் கொண்டு நிலத்தடிப் பாறை அடுக்குகளின் உண்மையான ஆழத்தையும் வடிவத்தையும் கணிக்கும் முறையாகும். இது எண்ணெய், எரிவளி தேடலில் பயன்படுகிறது.

நெய்வேலி காவிரிப் படுகையின் அரியலூர்-புதுச்சேரி உட்படுகையில் அமைந்துள்ளது. அங்கு பழுப்பு நிலக்கரி 1930களில் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்டது. தென்கிழக்கே புவனகிரியில் உள்ள எண்ணெயோ ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் உள்ளது. அதைத் தேட எதிரொலியே துணை.

ஆனால் கருவிகள் பதிவது நேரத்தை மட்டுமே. அலை சென்று திரும்ப 2 நொடி ஆகிறது எனக் கொள்வோம். அலைவேகம் நொடிக்கு 3,000 மீட்டர் எனில் அடுக்கின் ஆழம் 3,000 மீட்டர். வேகம் 3,300 எனில் ஆழமும் 3,300. வேகக் கணிப்பில் பத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலே அடுக்கு 300 மீட்டர் இடம் மாறிவிடும்.

காவிரிப் படுகையில் தடித்த உப்புப் பாறை இல்லாதது ஒரு வசதியே. மெக்சிக்கோ வளைகுடாவில் நிலைமை வேறு. உப்பில் அலை நொடிக்கு ஏறத்தாழ 4,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. சூழ்ந்துள்ள மென்படிவுகளில் வேகம் குறைவு. எனவே அலை விலகலடைகிறது. உப்பின் கீழுள்ள சமதள அடுக்கும் நேரப் படத்தில் மேடாகத் தோன்றும். எண்ணெய் பெரும்பாலும் மேடான மடிப்புகளில் தேங்குவதால், இத்தோற்ற மயக்கத்தை நம்பினால் வறண்ட கிணறே மிஞ்சும். இதைத் தவிர்க்க, உப்பின் மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் முதலில் வரைந்து வேக மாதிரி ஒன்றை அமைப்பர். பதிவான அலைகளை அம்மாதிரியினூடே கணினியில் காலத்தில் பின்னோக்கிச் செலுத்தி, அவை எதிரொலித்த இடங்களைக் காண்பர். படம் தெளியும்வரை மாதிரி மீண்டும் மீண்டும் திருத்தப்படும்.